தேய்ந்த கேசட்டில் தெரியாத முகம்

நடுவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லோக்கல் பிடித்து மாட்டுங்கா வரை வந்திருக்கும் மும்பைத் தமிழ் மக்களே, வணக்கம்.

பழைய பேய்ப்படத்தை வாழ வைப்பது கைக்குக் கை மாறிய தேய்ந்த பிரதியா, சீரமைத்து வெளியிட்ட புதுப் பதிப்பா? இதுதான் தலைப்பு. புதுப் பதிப்பே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணி அண்ணன் எடுத்த உதாரணமே எனக்கும் போதும்: ஜார்ஜ் ரொமேரோ இயக்கி 1968-இல் வந்த 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்'. செத்தவர்கள் எழுந்து வந்து உயிரோடு இருப்பவர்களைத் தின்கிறார்கள். ஒரு பண்ணை வீட்டுக்குள் ஏழு பேர் மாட்டிக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

அண்ணன் சொன்ன வரலாறு சரி. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்து நண்பர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு, 1,14,000 டாலர் வாக்கில் முடித்த கறுப்பு வெள்ளைப் படம். ரத்தத்துக்குச் சாக்லேட் சிரப். விநியோகஸ்தர் படத்தின் பெயரை மாற்றியபோது, புதுப் பெயர் அட்டையில் காப்புரிமையை அறிவிக்கும் வாசகம் விடுபட்டுப் போனது. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் அந்த ஒரு வாசகம் இல்லையென்றால் உரிமையே இல்லை. யார் வேண்டுமானாலும் பிரதி எடுக்கலாம், விற்கலாம். அப்படிப் பரவியதால்தான் படம் பிழைத்தது என்றார் அண்ணன்.

பரவியதை நான் மறுக்கவே இல்லை. என்ன பரவியது? அதைத்தான் கேட்கிறேன்.

1991-இல் என் மாமா தாராவி 90 அடி ரோட்டில் வீடியோ கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் அங்கேதான் கிடப்பேன். இந்தப் படத்தின் கேசட் ஒன்று அங்கே இருந்தது. பிரதிக்குப் பிரதி எடுத்து, அதற்கும் பிரதி எடுத்தது. போட்டால் கீழே பாதித் திரை நெளியும். மாமா வீடியோ பெட்டியைத் திறந்து, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் டேப்பைப் படிக்கும் ஹெட்டைத் துடைத்துத் துடைத்துப் போடுவார். அப்படியும் வெள்ளைச் சட்டையெல்லாம் சுண்ணாம்பாய் வெளிறும், நிழலெல்லாம் தார் மாதிரி ஒட்டிக்கொள்ளும். அந்தத் தாருக்குள் முதலில் காணாமல் போனது யார் தெரியுமா? கதாநாயகன் பென். டுவேன் ஜோன்ஸ் என்ற கறுப்பின நடிகர். ஆள் உயரம் தெரியும், சுத்தியல் அடிக்கும் கை தெரியும், குரல் கேட்கும். முகம் மட்டும் ஒரு கரித்திட்டு.

சபையோரே, அந்த முகம்தான் படம். 1968-இல், கறுப்பர் என்ற பேச்சே வசனத்தில் எடுக்காமல், ஒரு கறுப்பின நடிகரைத் தலைவனாக்கி அந்த வீட்டையே அவர் கையில் கொடுத்திருக்கிறார்கள். தேர்வுக்கு வந்தவர்களில் அவர்தான் நன்றாக நடித்தார், அதனால் எடுத்தோம் என்று ரொமேரோ பிற்பாடு பலமுறை சொன்னார். முடித்த படத்தைக் காரில் வைத்து நியூயார்க்குக்கு ஓட்டிக்கொண்டு போகிற ராத்திரியில், மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார் என்று ரேடியோவில் கேட்டதையும் அவரே சொல்லியிருக்கிறார். கடைசியில் பென் என்ன ஆகிறான்? ராத்திரி முழுக்கப் பிணங்களிடம் தப்பித்தவனை, விடிந்ததும் காப்பாற்ற வந்த துப்பாக்கிக்காரர்கள் பிணம் என்று நினைத்துச் சுட்டுத் தள்ளுகிறார்கள். அந்த மனிதனின் முகத்தை அழித்த பிரதியைப் பார்த்து, படம் வாழ்ந்தது என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

இப்போது புதுப் பதிப்புக்கு வருகிறேன். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமும், இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்செசி தொடங்கிய ஃபிலிம் ஃபவுண்டேஷனும் சேர்ந்து அசல் கேமரா நெகட்டிவிலிருந்து 4கே என்ற மிகத் துல்லியமான தரத்தில் சீரமைத்தார்கள். படச்சுருளைத் திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்யும் முறை அது. பாத்ரூம் ஜன்னலில் சொரசொரப்பான கண்ணாடி போட்டிருப்போம் இல்லையா? அதன்மேல் தண்ணீர் தெளித்தால் வெளியே இருப்பது தெரியும். அதே சங்கதிதான். கீறல் பள்ளத்தைத் திரவம் நிரப்பிவிடும், ஒளி சிதறாது. ரொமேரோவும் பழைய கூட்டாளிகளும் பக்கத்தில் இருந்து மேற்பார்வை பார்த்தார்கள். 2016 நவம்பரில் அருங்காட்சியகத்தில் திரையிட்டார்கள். 2017 ஜூலையில் ரொமேரோ காலமானார். 2018 பிப்ரவரியில் கிரைட்டீரியன் என்ற நிறுவனத்தின் ப்ளூரே டிஸ்க்காக வீட்டுக்கு வந்தது. 2022-இல் 4கே டிஸ்க்கும் வந்தது. 'நைட் ஆஃப் அனூபிஸ்' என்று வேறு பெயரில் இருந்த முதல்கட்ட எடிட்டையும் கூடவே வைத்திருக்கிறார்கள்.

எதிரணி அக்கா ஒன்று சொன்னார்: "கீறலும் இருட்டும்தான் பயம், துடைத்துவிட்டால் பயமும் போச்சு." அழகான வாதம், கைதட்டலும் வாங்கியது. ஆனால் படத்தின் கடைசி இரண்டு நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பென் சுடப்பட்டதும் ஓடும் காட்சி நின்றுவிடும். அப்புறம் வருவது அசையாத போட்டோக்கள். கறி வெட்டும் இடத்துக் கொக்கிகளோடு ஆட்கள் வருகிறார்கள், உடலைத் தூக்குகிறார்கள். அந்தப் போட்டோக்களை வேண்டுமென்றே புள்ளி புள்ளியாக, செய்தித்தாளில் வரும் படம் மாதிரி வைத்தார்கள். அதுவரை பக்கத்தில் இருந்தே பார்த்த ஒரு மனிதன், ஒரு நொடியில் பேப்பர் செய்தியாகிவிடுகிறான். முன்னால் வந்த காட்சிகள் தெளிவாக இருந்தால்தானே இந்தச் சொரசொரப்பு உறைக்கும்? மாமா கடைக் கேசட்டில் எல்லாமே சொரசொரப்பு. அந்த இடம் வந்ததும் டேப் சிக்கிவிட்டது என்று நினைத்து நான் ஓடிப்போய் நிறுத்தியிருக்கிறேன்.

செத்தவர் மெதுவாக நடப்பார், கடித்தால் நீயும் அப்படி ஆவாய், மண்டையில் அடித்தால்தான் விழுவார். நம்ம ஊர் 'மிருதன்' படம் வரைக்கும் வந்த விதி இந்தப் படம் போட்டது. இத்தனைக்கும் ஜாம்பி என்ற சொல்லே அதில் கிடையாது. 1999-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் சேர்த்தார்கள். இந்தப் பெருமை தேய்ந்த பிரதிகள் கொடுத்ததுதானே என்று அண்ணன் கேட்பார். பெயரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அவைதான், அதற்கு நன்றி. அத்தனை பிரதி ஊரெல்லாம் சுற்றியும், நெகட்டிவ் அழிந்திருந்தால் பென்னின் முகத்தை அவற்றிலிருந்து மீட்டிருக்க முடியுமா?

ஒரு படத்தை வாங்கவும் ஆள் இல்லாமல், காக்கவும் ஆள் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று மும்பைத் தமிழருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1931-இல் தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' இதே ஊரில்தான் எடுக்கப்பட்டது. இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட செட்டிலேயே எடுத்தார்கள். டி. பி. ராஜலட்சுமி பேசிப் பாடிய படம். இன்று அதில் ஒரு ரீல் இல்லை. 'ஆலம் ஆரா'வும் இல்லை. நம் முதல் கதாநாயகி எப்படிப் பேசினார், எப்படித் திரும்பிப் பார்த்தார் என்று என் மகளுக்குக் காட்ட என்னிடம் எதுவும் கிடையாது. கீறல் விழுந்த பிரதிகூடக் கிடையாது. அங்கே ஒரு சின்னப் பேய்ப்படத்துக்கு நெகட்டிவைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். அதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருக்கிறது, ஒளிக்காமல் சொல்கிறேன்.

டிஸ்க் விலை ஜாஸ்தி, இங்கே சுலபமாகக் கிடைக்காது என்றும் எதிரணி சொன்னார்கள். உண்மைதான். நான் வெளிநாட்டிலிருந்து வரவழைக்க மூன்று மாதம் சேர்த்து வைத்தேன். ஆனால் பழைய பிரதியை யாரும் பிடுங்கிக்கொள்ளவில்லையே? அது இன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடக்கிறது. பக்கத்தில் நல்லதும் ஒன்று இருக்கட்டும் என்கிறேன்.

மணி அடித்துவிட்டார்கள், ஒரு நிமிடம் நடுவர் ஐயா. போன தீபாவளிக்கு மாமா செம்பூரில் என் வீட்டுக்கு வந்திருந்தார். கடையை மூடி வருஷம் பல ஆச்சு, கண்ணில் ஆபரேஷனும் ஆகியிருக்கிறது. இந்த டிஸ்க்கைப் போட்டேன். மேஜையை உடைத்துப் பலகை எடுத்துக்கொண்டே, பெட்ரோல் லாரி எரிந்ததையும் பிணக்கூட்டம் சூழ்ந்ததையும் பென் சொல்வான் இல்லையா, அந்த இடம். மாமா நாற்காலியை டிவி பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "இவனும் பயந்துதான் இருந்திருக்கான்டா. கடையில இத்தனை வருஷம் ஓட்டினேன், தைரியமான ஆளுன்னுல்ல நெனச்சேன்."

வணக்கம்.