கோணலாக நெய்த கம்பளத்துக்கு ஏன் இவ்வளவு மவுசு?

(திரையில்: பழைய சிவப்புக் கம்பளம், மேலிருந்து)

இந்தக் கம்பளத்தை டேப் வைத்து அளந்தால் மேல்பக்கம் ஒரு அகலம், கீழ்ப்பக்கம் இன்னொரு அகலம். நெய்த பெண்ணுக்குக் கணக்கு வராமல் இல்லை, தறியே மலை ஏறி இறங்கி வந்திருக்கிறது.

தெற்கு ஈரானில் ஷிராஸைச் சுற்றி வாழும் கஷ்காய் மக்கள், கோடையில் ஸாக்ரோஸ் மலை மேய்ச்சலுக்கும் குளிர்காலத்தில் பாரசீக வளைகுடாப் பக்கத்துத் தாழ்நிலத்துக்கும் ஆடுகளோடு போய்வந்தவர்கள். ஆளுயரத் தறியையா தூக்கிக்கொண்டு அலைய முடியும்? இவர்கள் தறி தரையிலேயே கிடக்கும். இரண்டு கட்டை, நாலு முளை, அவ்வளவுதான். நெய்து முடித்த பகுதியின் மேலேயே உட்கார்ந்து முன்னால் நகர்ந்துகொண்டே போவார்கள். கிளம்பும் நாள் வந்துவிட்டால் முளையைப் பிடுங்கி, பாதி நெய்ததைக் கட்டையோடு சுருட்டி ஏற்றிவிட வேண்டியதுதான். அடுத்த இடத்தில் மறுபடி முளையடிக்கும்போது பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய நூல், பழைய விறைப்பில் நிற்குமா? நகரப் பட்டறைகளில் பெரும்பாலும் பருத்திப் பாவு, இங்கே அதுவும் கம்பளி நூல், இழுத்தால் நீளும். அகலம் அங்கங்கே கூடிக் குறைவது அதனால்தான்.

(திரையில்: நீலப் பகுதி, மிக அருகில்)

சரி, இந்த நீலத்தைப் பாருங்கள், நடுவில் பட்டென்று வெளுக்கிறது. நான் முதல் தடவை பார்த்தபோது தண்ணீர்க் கறை என்றே நினைத்தேன். சின்னப் பாத்திரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அவுரிச் சாயம் தோய்ப்பார்கள், ஒரு தோய்ப்பு நூல் தீர்ந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் இப்படி நிறம் மாறும். வியாபாரிகள் இதை அப்ராஷ் என்பார்கள். இதை வைத்து மட்டும் பழையது என்று நம்பி ஏமாறாதீர்கள், புதுக் கம்பளத்திலும் வேண்டுமென்றே வரவழைக்கிறார்கள்.

கறுப்புக் கோடுகளை விரலால் தடவினால் பள்ளமாக இருக்கும். கரும்பழுப்புச் சாயத்தில் சேர்த்த இரும்பு, வருடக்கணக்கில் கம்பளியை அரித்துவிடும். பக்கத்துச் சிவப்பு, மஞ்சிட்டி இனத்து வேரில் எடுத்தது, அப்படியே நிற்கிறது. பார்த்தால் யாரோ செதுக்கியது போல இருக்கும்! அப்புறம், கம்பளத்தின் மேல் நிற்கும் கம்பளி முடியை இரண்டு விரலால் பிரித்துப் பாருங்கள். அடியில் பளீரென்ற ஊதா, நுனியில் சாம்பல் என்றால் பெரும்பாலும் ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். முதல் செயற்கை ஊதாவே 1856-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது, அதனால் அதற்கு முந்தையது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

(திரையில்: ஓரத்தில் ஆடுகள்)

கோலம் போடுகிற மாதிரி, வரைபடம் எதுவும் இல்லாமல் மனதிலிருந்தே வரும் வடிவங்கள் இவை. நடுவில் கொக்கி வைத்த சாய்சதுரம், சுற்றிப் பறவை, பூ, ஆடு. இடப்பக்கம் மூன்று ஆடுகள் முழுசாக நிற்கின்றன. வலப்பக்கம் இடம் போதவில்லை போல, மூன்றாவது ஆட்டுக்குப் பின்னங்கால்களே இல்லை. அவிழ்த்து மறுபடி நெய்யாமல் அப்படியே விட்டுவிட்டுக் கரையைத் தொடங்கியிருக்கிறார்.