அட்டையில எத்தனை தலை?

நேயர்களுக்கு வணக்கம். பெட்டிக்கடையில கயிறு கட்டி புக்கு தொங்கவிட்டிருப்பாங்கல்ல, நமக்கு தெரியுறது ஒரு மூஞ்சியும் ரெண்டு வரி கொட்டை எழுத்தும்தான், அதை வச்சே வாங்கலாமா வேணாமான்னு முடிவு பண்ணிடுவோம். நான் பல வருஷம் பத்திரிகை லேஅவுட் பண்ணவன், அட்டைன்னா எனக்கு கொஞ்சம் கிறுக்குதான். இன்னைக்கு அமெரிக்காவுல டீன்ஏஜ் பசங்களுக்குன்னே வந்த பத்திரிகைங்க அட்டையைப் பத்தி பேசலாம்னு வந்தேன்.

1957ல நியூயார்க்ல '16'னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. ஆமா, பேரே நம்பர்தான். அதுல எடிட்டரா வந்தவங்க குளோரியா ஸ்டேவர்ஸ், 1975 வரைக்கும் அவங்க ராஜ்ஜியம்தான். முன்னாடி மாடலா இருந்தவங்க, அங்க சேர்ந்தது சந்தா பிரிவுல, ஒரு சாதாரண வேலைக்கு. வர்ற லெட்டரையெல்லாம் உக்காந்து படிச்சிருக்காங்க பாருங்க, அங்கதான் விஷயமே. பொண்ணுங்களுக்கு வேண்டியது நடிகரோட அடுத்த படம் என்னங்கிறது இல்ல, அவருக்கு என்ன கலர் புடிக்கும், காலையில என்ன சாப்பிடுவாரு, எந்த மாதிரி பொண்ணு புடிக்கும், இந்த மாதிரி சமாச்சாரம்தான். அதையே அவங்க பத்திரிகை ஆக்கிட்டாங்க.

இதுல கவனிங்க, எந்த மாதிரி பொண்ணு புடிக்கும்னு கேட்டா, நேர்மையா இருக்கணும், சிரிச்ச முகமா இருக்கணும்னு பதில் வரும். நான் நேர்மை இல்லாதவள்னு எந்தப் பொண்ணாவது ஒத்துக்குமா? அப்போ படிக்கிற அத்தனை பேரும் 'அட, என்னைத்தான் சொல்றாரு'ன்னு நினைச்சுக்கலாம், யாரையும் வெளிய நிறுத்தாத பதில் அது.

அட்டையும் அதே கணக்குதான். ஒரே ஒரு ஆளை பெருசா போட மாட்டாங்க. பளிச்சுனு ஒரு கலர், அது மேல வெட்டி ஒட்டுன தலைங்க, இங்க ஒண்ணு அங்க ஒண்ணு, பாதிக்கு மேல உங்களையே பாத்து சிரிக்கும். லேஅவுட்காரன் கண்ணுக்கு கண்றாவிதான், ஆனா வேலை செய்யும்! ரஜினி ரசிகன் தனியா கமல் ரசிகன் தனியா வாங்கினா ரெண்டு புக்கு அடிக்கணும், ரெண்டு தலையும் ஒரே அட்டையில இருந்தா ஒண்ணு போதும். திரும்பவும் சொல்றேன், அந்த அட்டை நட்சத்திரத்துக்கு மரியாதை பண்ண போட்டது இல்ல, நம்ம ஆளு உள்ள இருக்கான்னு அந்தப் பொண்ணு தேடுறதுக்கு போட்டது.

1965ல 'டைகர் பீட்'னு இன்னொரு பத்திரிகை வந்துச்சு, ஆரம்பிச்ச சார்லஸ் லாஃபர் முன்னாடி ஹைஸ்கூல் வாத்தியார். பசங்க எதையுமே படிக்க மாட்டேங்குறாங்களே, எதைக் குடுத்தா படிப்பாங்கன்னு யோசிச்ச மனுஷன். அடுத்த வருஷமே டிவில மங்கீஸ்னு ஒரு பாட்டுக் குழு வந்தாங்க, விடுவாரா, அவங்களுக்குன்னே தனி பத்திரிகை போட்டாரு.

இன்னும் ரெண்டு நிமிஷம்தான்னு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரல் காட்டுறாங்க, 1944ல ஆரம்பிச்ச 'செவன்டீன்' பத்திரிகை கதை பெருசு, வேகமா சொல்லிடுறேன். 2012ல மெய்ன் மாநிலத்துல ஒரு 14 வயசுப் பொண்ணு, மாசம் ஒரு தடவையாவது போட்டோஷாப் பண்ணாத படம் போடுங்கன்னு கேட்டு 80,000 கையெழுத்துக்கு மேல சேர்த்துச்சு. பொண்ணுங்க உடம்போட வடிவத்தையும் முகத்தோட வடிவத்தையும் மாத்த மாட்டோம்னு பத்திரிகையே எழுதிக் குடுத்துச்சு. அப்புறம் இன்ஸ்டாகிராம்... சரி சரி, பெல் அடிச்சாச்சு. நன்றி, வணக்கம்.