அட்டையில் இரண்டு பெயர்: மருத்துவக் காப்புறுதியில் அந்த இரண்டாவது கம்பனி யார்?

வணக்கம். இந்த முறை தலவாக்கலையிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நீளமான கேள்வி, சுருக்கிச் சொல்கிறேன். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் போன அவருடைய பெரியப்பா குடும்பம் கோத்தகிரியில் இருக்கிறது. பெரியப்பா மகன், இவருக்கு அண்ணன், மூன்றாவது வருடமாக ஒரு மருத்துவக் காப்புறுதிக்குப் பணம் கட்டுகிறார். அண்ணிக்குப் பித்தப்பையில் கல். கோயம்புத்தூரில் ஒரு தனியார் வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள். அங்கே காப்புறுதி மேசையில் இருந்தவர், "டிபிஏ மறுத்துவிட்டது, பணத்தைக் கட்டுங்கள்" என்று சொல்லிவிட்டார். அட்டையைப் பார்த்தால் காப்புறுதி நிறுவனத்தின் பெயரோடு இன்னொரு கம்பனியின் பெயரும் இருக்கிறது. "இது யார், தரகரா? அண்ணனை ஏமாற்றிவிட்டார்களா? கொழும்பில் வேலை செய்யும் என் மகனுடைய அட்டையிலும் இப்படி இரண்டு பெயர் இருக்கிறதே?" என்று கேட்கிறார்.

தரகர் இல்லை, சகோதரி. ஏமாற்று வேலையும் இல்லை. டிபிஏ என்பது மூன்றாம் தரப்பு நிர்வாகி. காப்புறுதி நிறுவனத்துக்கும் வைத்தியசாலைக்கும் நடுவில் நின்று, அட்டை வழங்குவது, கடிதங்களைப் பரிசீலிப்பது, பில்லைச் சரிபார்ப்பது போன்ற வேலைகளைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் நிறுவனம். கூலி கொடுப்பது காப்புறுதி நிறுவனம். இந்தியாவில் 2001ஆம் ஆண்டிலிருந்து இதற்கென்று தனி விதிகள் இருக்கின்றன. 2016இல் அவற்றைப் புதுப்பித்தார்கள். உரிமம் கொடுப்பது இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம். இவர்கள் காப்புறுதி விற்கக்கூடாது. ஆகவே, டிபிஏயிலிருந்து பேசுகிறோம், புதிய திட்டம் ஒன்று இருக்கிறது என்று யாராவது அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தால், தயங்காமல் வைத்துவிடச் சொல்லுங்கள்.

முக்கியமான விஷயம் இனித்தான் வருகிறது. தாமாகவே ஒரு கோரிக்கையை நிராகரிக்கும் அதிகாரம் இவர்களுக்குக் கிடையாது. தோட்டத்தில் கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தராசும் கொப்பியும் அவர் கையில், சம்பளம் நிர்வாகத்தின் கையில். ஆனால் அவர் இரண்டு கிலோவைக் குறைத்து எழுதினால் சம்பளத்திலும் அது குறையும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டிபிஏயின் பலமும் அப்படிப்பட்டதுதான். தீர்ப்பு அவர்களுடையது இல்லை, தீர்ப்புக்குப் போகிற கணக்கு அவர்களுடையது.

இப்போது அண்ணியின் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் அனுப்பிய கடிதத்தின் படத்தைப் பார்த்தேன். வைத்தியர் குறிப்பில் நீண்ட நாள் வயிற்று வலி என்று எழுதியிருக்கிறது. எவ்வளவு நாள் என்று டிபிஏ கேட்டிருக்கிறது. வைத்தியசாலை மேசையிலிருந்து பதில் போகவில்லை. "கிடைத்த தகவல் போதாது, எனவே பணமில்லாச் சிகிச்சைக்கு அனுமதி தர முடியவில்லை" என்று கடிதம் வந்திருக்கிறது. அதில் எங்கேயாவது, உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்பட்டது என்று இருக்கிறதா? இல்லை. மறுக்கப்பட்டது ஒரு வசதி மட்டும்தான்: வைத்தியசாலைக்கு நேரடியாகப் பணம் செலுத்துகிற வசதி. காசைக் கட்டி, சிகிச்சையை முடித்துக்கொண்டு, பிறகு பில்லோடு பணத்தைத் திருப்பிக் கேட்கிற உரிமை அப்படியே இருக்கிறது. எத்தனையோ குடும்பங்கள் இந்த இடத்தில்தான் தோற்றுப்போகின்றன. மேசையில் இருந்தவர் ஒரு வார்த்தை சொன்னார் என்பதற்காக, கொடுத்த பணம் போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறார்கள்.

எவ்வளவு நாள் வலி என்று டிபிஏ கேட்ட கேள்வியில் ஒரு நியாயமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பித்தப்பைக் கல், குடலிறக்கம், கண்புரை போன்றவற்றுக்குப் பல இந்தியக் காப்புறுதிகளில் முதல் இரண்டு வருடம் பணம் கிடையாது. முன்பே இருந்த நோய் என்றால் காத்திருக்கும் காலம் மூன்று வருடம் வரை போகலாம். அண்ணன் இரண்டு வருடத்தைத் தாண்டிவிட்டார், மூன்றைத் தாண்டவில்லை. ஆகவேதான் வலி எப்போது தொடங்கியது என்று கிளறுகிறார்கள். முதன்முதலில் ஸ்கேன் எடுத்த அறிக்கையின் திகதி காப்புறுதி எடுத்ததற்குப் பிந்தியது என்றால், அந்தத் தாள் பெரிய உதவி. வைத்தியரிடம், எப்போதிலிருந்து வலி என்று தெளிவாக எழுதிக் கையொப்பம் வாங்கச் சொல்லுங்கள். உண்மையைத்தான் எழுத வேண்டும், திகதியை மாற்றி எழுதச் சொல்லிக் கேட்காதீர்கள். அகப்பட்டால் காப்புறுதியே ரத்தாகிவிடும்.

அந்த இந்திய ஆணையத்தின் 2024 மே மாதத்துச் சுற்றறிக்கையின்படி, பணமில்லாச் சிகிச்சைக்கான கோரிக்கைக்கு ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் வர வேண்டும். வீட்டுக்கு அனுப்பும் நாளில் இறுதி அனுமதி மூன்று மணித்தியாலத்துக்குள் வர வேண்டும். தாமதத்தால் வைத்தியசாலை கூடுதலாக ஏதாவது அறவிட்டால் அதைக் காப்புறுதி நிறுவனமே ஏற்க வேண்டும். நிராகரிப்பதானால் நிறுவனத்தின் மீளாய்வுக் குழு அதை ஏற்றிருக்க வேண்டும், பத்திரத்தின் எந்த நிபந்தனையின்படி என்றும் எழுத வேண்டும். அப்படி எழுதாத கடிதத்தோடு நேராக நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். டிபிஏக்குப் பிரதி அனுப்பினால் போதும். ஒரு மாதத்தில் தீராவிட்டால் சென்னையில் இருக்கும் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். அங்கே கட்டணமும் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.

பணம் குறைந்து வந்தால் அதற்கும் டிபிஏயைத்தான் திட்டுகிறார்கள். பாதி நேரம் காரணம் அறை வாடகை. மூன்று இலட்சம் ரூபாய்க் காப்புறுதி, நாளொன்றுக்கு அறைக்கு மூவாயிரம்தான் என்று பத்திரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஆறாயிரம் ரூபாய் அறையில் தங்கினால், கூடுதல் மூவாயிரத்தோடு விஷயம் முடியாது. வைத்தியர் கட்டணம், சத்திரசிகிச்சைக் கூடக் கட்டணம் எல்லாமே அதே விகிதத்தில் பாதியாகும். மருந்து, பரிசோதனை, உடலுக்குள் பொருத்தும் கருவி ஆகியவற்றில் அப்படிக் கை வைக்கக்கூடாது. வெட்டியிருந்தால் சண்டை போடுங்கள். அறையை எடுக்கும் முன்பே வரம்பைப் பார்த்துக்கொள்வது தலைவலியைக் குறைக்கும். அசல் பில், பணம் கட்டிய பற்றுச்சீட்டு, வெளியேறும்போது கொடுக்கும் சுருக்கம், பரிசோதனை அறிக்கைகள் எல்லாவற்றையும் கொடுக்கும் முன் பிரதி எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் மகனின் அட்டை வேறு விஷயம். அது அவர் வேலை செய்யும் கம்பனி எடுத்த குழுக் காப்புறுதி. அங்கேயும் இரண்டாவது பெயர் வெளியிலிருந்து நிர்வாகம் பார்க்கிற நிறுவனமாக இருக்கலாம், ஆனால் ஒப்பந்தம் மகனின் கம்பனிக்கும் காப்புறுதி நிறுவனத்துக்கும் இடையில். பிரச்சினை வந்தால் முதல் கதவு மகனின் மனிதவளப் பிரிவு. பிறகு காப்புறுதி நிறுவனத்துக்கு எழுத்தில். அதன் பிறகு கொழும்பில் காப்புறுதிக் குறைகேள் அதிகாரி, அல்லது இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு. இந்திய விதிகளில் சொன்ன ஒரு மணித்தியாலக் கணக்கை இங்கே போய்க் கேட்காதீர்கள், அது அந்த நாட்டுக்கு மட்டும். ஆசிரியர்கள் கேட்பார்கள், அதனால் சொல்கிறேன்: அரச ஊழியர்களுக்கான அக்ரஹார காப்புறுதி வேறு, அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியத்தினுடையது.

இன்னொன்று. நம்மில் பெரும்பாலோர் நோய் என்றால் டிக்கோயா, நுவரெலியா, கண்டி அரசாங்க வைத்தியசாலைகளுக்குத்தான் போகிறோம். அங்கே பில் இல்லை. ஆனால் அரசாங்க வாட்டில் தங்கிய நாளுக்கு இவ்வளவு என்று பணம் தருகிற காப்புறுதிகளும் இருக்கின்றன. சம்பள நாளில் தோட்டத்துக்கு வருகிற முகவரிடம் கையொப்பம் வைத்தவர்கள் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். நோய் நிர்ணய அட்டையை வீசிவிடாதீர்கள்.

அண்ணன் குடும்பம் தேர்த் திருவிழாவுக்குத் தலவாக்கலை வருகிறார்கள் என்று கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். அவர்களுடைய இந்திய அட்டை பொதுவாக இங்கே செல்லாது. விமானச் சீட்டு எடுக்கும்போதே பயணக் காப்புறுதி ஒன்றும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். அண்ணிக்கு இப்போதுதான் சத்திரசிகிச்சை என்பதையும் அந்தப் படிவத்தில் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.