நாலு பேரும் ஒரு குழந்தையும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இப்போது நாம் பார்த்து முடித்த படம் 1997ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெல்ஜியத்தைச் சேர்ந்த அலான் பெர்லினர் இயக்கிய முதல் முழுநீளப் படம் இது, மொழி பிரெஞ்சு, பெயர் 'மா வி ஆன் ரோஸ்'. வாழ்வை ரோஜா நிறத்தில் காண்பது என்று பிரெஞ்சுக்காரர்கள் சொன்னால், எல்லாம் நல்லதாகவே தோன்றுகிற மனநிலையைக் குறிக்கிறார்கள். அதையே 'என் வாழ்க்கை' என்று ஒரு குழந்தை உரிமை கொண்டாடும்போது, அந்த ரோஜா நிறம் அக்குழந்தை உடுத்த ஏங்குகிற கவுனின் நிறமாகவும் ஆகிவிடுகிறது. அந்த ஆண்டு செக் நாட்டின் கார்லோவி வாரி திரைப்பட விழாவில் முதற்பரிசையும், அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் அயல்மொழிப் படத்துக்கான கோல்டன் குளோப் விருதையும் இப்படம் பெற்றது. விருதுகளைப் பற்றி இவ்வளவு போதும்.

இன்றைய திரையிடலுக்காக வசனங்களைத் தமிழில் எழுதித் தரும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதல் பக்கத்தைத் தாண்டுவதற்குள்ளாகவே நான் சிக்கிக்கொண்டேன். ஏழு வயது லுதோவிக்கை மற்றவர்கள் குறிப்பிடும்போது 'அவன்' என்று எழுதுவதா, 'அவள்' என்று எழுதுவதா? தகப்பன் வாயிலும் பள்ளியின் வாயிலும் 'அவன்' என்பதே வரவேண்டும், அதில் ஐயமில்லை. ஆனால் இந்த மேடையில் நின்று பேசும் நான் என்ன சொல்வது? குழந்தை தன்னைப் பெண் என்று சொல்லிக்கொண்டிருக்க, நான் 'வந்தான், போனான்' என்று பேசினால், படத்தில் வரும் அண்டை வீட்டாருடைய வரிசையில் நானும் போய் நின்றுகொள்வதாகும். வழி காட்டியது நம் இலக்கணம்தான். உயர்திணையைச் சேர்ந்தவையாக இருந்தும் அஃறிணை முடிவு கொள்ளும் சொற்களைக் கிளவியாக்கம் என்னும் இயலில் அடுக்கும்போது, 'மகவே குழவி' என்று தொல்காப்பியர் அவற்றையும் சேர்த்திருக்கிறார். 'குழந்தை அழுதது' என்கிறோம். 'குழந்தை தூங்குகிறது' என்கிறோம். ஆணா பெண்ணா என்று கேட்காமலேயே ஒரு மனித உயிரைப் பற்றி அன்போடு பேச நம் மொழியில் ஓர் இடம் இருக்கிறது. ஆகவே இந்த உரை முழுவதும் நான் 'குழந்தை' என்றே சொல்லப்போகிறேன்.

ஆனால் அந்த இடத்தில் யாரும் நெடுநாள் தங்க முடியாது என்பதையும் சொல்லியாக வேண்டும். நான்கைந்து வயது வரை 'குழந்தை' என்று கொஞ்சியவர்களே ஆறேழு வயதில் 'பையன்' என்று அழைக்கத் தொடங்குகிறார்கள். அதுவரை பெண்பிள்ளையின் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தால் புகைப்படம் எடுத்து மகிழ்ந்த வீடு, அதற்குப் பிறகு கதவைச் சாத்துகிறது. பெர்லினர் தம் கதையைச் சரியாக அந்த வயதில் தொடங்குகிறார். இனி இப்படி உடுத்திக்கொள்ளும் வயது இல்லை என்று தாய் அன்னா குழந்தையிடம் சொல்வது அதட்டலாக இல்லை. பால் பாட்டிலை நிறுத்துகிற தாயின் இயல்பான குரலாகவே இருக்கிறது.

முதல் காட்சியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். பாரிஸுக்கு வெளியே ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகளும், ஒட்ட வெட்டிய புல்வெளிகளும் கொண்ட புதிய குடியிருப்பு. ஃபாப்ர் குடும்பம் அங்கே குடியேறி, அக்கம்பக்கத்தாரை விருந்துக்கு அழைத்திருக்கிறது. தகப்பன் பியர் தம் வீட்டாரை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தும்போது கதவு திறக்கிறது, இளஞ்சிவப்பு உடையில், உதட்டுச் சாயமும் காதணியுமாக ஒரு சிறுமி வந்து நிற்கிறாள், எல்லோரும் கைதட்டுகிறார்கள். அது மகள் ஸோயே அல்ல என்று தெரிந்த நொடியில் கைதட்டல் தடுமாறுகிறது. இவன் எப்போதும் வேடிக்கை செய்கிறவன் என்பதுபோலத் தகப்பன் சமாளிக்க, கூட்டம் சிரித்துத் தேறிக்கொள்கிறது. இந்தக் காட்சியை முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்தேன். இன்று இந்த அரங்கிலும் சிரிப்பொலி கேட்டது. அதைக் குற்றமாகச் சொல்லவில்லை; இயக்குநரே நம்மைச் சிரிக்க வைக்கிறார். பின்னால் அதே முகங்கள் சிரிக்காமல் நிற்கும்போதுதான் அந்தச் சிரிப்பு எதை ஒத்திவைத்திருந்தது என்பது நமக்கு உறைக்கிறது. வேடிக்கை என்று இருக்கும்வரை எல்லோருக்கும் சம்மதம். குழந்தை வேடிக்கை செய்யவில்லை என்பதுதான் அவர்களால் தாங்க முடியாத செய்தி.

இந்தப் படத்தைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதை 'அடையாளக் குழப்பத்தில் சிக்கிய சிறுவனின் கதை' என்று அறிமுகப்படுத்துகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. படத்தில் குழம்பாத ஒரே ஆள் அந்தக் குழந்தைதான். ஆண்பிள்ளைக்கு எக்ஸ், ஒய் குரோமோசோம்கள், பெண்பிள்ளைக்கு எக்ஸ், எக்ஸ் என்று அக்கா ஸோயே தன் பாடத்திலிருந்து சொல்லிக்கொடுத்ததும், குழந்தை தன் வழக்கைத் தானே தீர்த்துக்கொள்கிறது: கடவுள் வானத்திலிருந்து எழுத்துகளைப் போட்டபோது தனக்கு வரவேண்டிய இன்னொரு எக்ஸ் தவறிப்போய்க் குப்பைத்தொட்டிக்குள் விழுந்துவிட்டது. யார்மீதும் கோபமில்லை, தன்மீதும் வெறுப்பில்லை. தபாலில் ஒரு பொருள் தவறிவிட்டது, பின்னால் வந்து சேரும், அவ்வளவுதான். அதுவரைக்கும் தன்னை அழைத்துக்கொள்ள 'ஆண்-பெண்' என்று ஒட்டிய ஒரு சொல்லையும் அதுவே செய்துகொள்கிறது. பெரியவர்கள் கூட்டம் கூட்டிப் பெயர் வைப்பதற்கு முன்னாலேயே குழந்தைகள் தங்களுக்கான சொல்லைச் செய்துகொள்ளக்கூடும் என்பதை இதைவிட எளிதாகக் காட்டிய காட்சியை நான் பார்த்ததில்லை.

அப்படியென்றால் படம் எதைப் பற்றியது? நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் ஒரு தொடரை இங்கே எடுத்துக்கொள்கிறேன்: 'நாலு பேர் என்ன சொல்வார்கள்?' அந்த நாலு பேர் யார் என்று நாம் ஒருபோதும் கேட்பதில்லை. பெர்லினர் அவர்களை எதிர்வீட்டில் குடிவைத்து, பெயர் கொடுத்து, வேலை கொடுத்து, துக்கமும் கொடுத்துக் காட்டுகிறார். எதிர்வீட்டு ஆல்பேர்தான் பியருக்கு அலுவலகத்தில் மேலாளர். அவருடைய மகன் ஜெரோம்தான் நம் குழந்தையின் தோழன். வருங்கால மாப்பிள்ளை என்றே அது முடிவுசெய்து வைத்திருக்கிறது. ஆக, பிள்ளைகளின் விளையாட்டும் தகப்பனின் சம்பளமும் ஒரே தெருவில் எதிரெதிரே இருக்கின்றன. தப்பெண்ணம் என்பது மனத்துக்குள் இருக்கும் ஏதோ அழுக்கு, நல்ல புத்தகம் படித்தால் போய்விடும் என்று நினைக்கிறவர்களுக்கு இந்தப் படம் வேறொன்றைக் காட்டுகிறது. அது வாயிலிருந்து கையெழுத்துக்கும், கையெழுத்திலிருந்து வேலைநீக்கத்துக்கும் நகரும் ஏற்பாடு.

அதேசமயம் எதிர்வீட்டாரைக் கொடியவர்களாக எழுதிவிடவில்லை என்பதே இந்தத் திரைக்கதையின் நேர்மை. ஆல்பேருக்கும் லிசெத்துக்கும் ஒரு மகள் இருந்து இறந்திருக்கிறாள். அவளுடைய அறையை அப்படியே பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். குழந்தை அந்த அறைக்குள் போய், அங்கிருந்த உடையை அணிந்துகொண்டு, ஜெரோமோடு கல்யாண விளையாட்டு ஆடுகிறது. கதவருகே வந்த லிசெத் மயங்கி விழுகிறாள். அவள் கண்டது பெண் உடையில் ஒரு பையனையா, இறந்த மகளையா? இரண்டும்தான் என்று தோன்றுகிறது. ஆறாத துக்கம் ஒன்று அந்த நிமிடமே ஒரு குழந்தையின் மீதான வெறுப்பாக உறைகிறது. அதற்குப் பிறகு வருவனவெல்லாம் வேகமாக வருகின்றன. பள்ளி நாடகத்தில் பனிவெள்ளை இளவரசியாக நடிக்கவேண்டிய சிறுமியைக் கழிப்பறையில் வைத்துப் பூட்டிவிட்டு, குழந்தை தானே அந்த இடத்தில் போய்ப் படுத்து, இளவரசனாக வரும் ஜெரோமின் முத்தத்துக்குக் காத்திருக்கிறது. பெற்றோர்கள் கூடிக் கையெழுத்திட்டு மனு கொடுக்கிறார்கள். குழந்தை பள்ளியிலிருந்து வெளியேற்றப்படுகிறது. பியர் வேலையை இழக்கிறார். வீட்டின் கார்க்கொட்டகைக் கதவில் வசைச்சொல் எழுதப்படுகிறது. மனநல நிபுணரிடம் கூட்டிப்போகும் காட்சிகளும் இடையில் வருகின்றன. எனக்கு அவை சற்று மெலிந்தே தோன்றின.

நான் நிறுத்திப் பார்க்க விரும்புவது அன்னாவை. மிஷேல் லரோக் நடித்த இந்தத் தாய்தான் தொடக்கத்தில் குழந்தைக்கு அரணாக நிற்பவள். கணவன் பதறும்போது 'சின்னப்பிள்ளைதானே' என்ற பார்வையோடு சிரித்துக் கடப்பவள். ஊரின் சுமை ஏற ஏற, அரண் மெல்ல மெல்ல அந்தப் பக்கம் சாய்கிறது. ஒருநாள் குழந்தையை உட்காரவைத்து அதன் தலைமுடியை ஒட்ட வெட்டுகிறாள். அந்தக் காட்சியில் யாரும் கத்துவதில்லை. குழந்தை முரண்டு பிடிப்பதுமில்லை; கண்ணீர் வழிய உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். நம் பக்கத்தில் முடி இறக்குவது என்றால் வேண்டுதல், காதுகுத்து, மாமன் மடி என்று எத்தனையோ மகிழ்ச்சியான நினைவுகள் உண்டு. அதனால்தானோ என்னவோ, ஒரு தாயின் கையிலிருக்கும் கத்திரிக்கோல் இவ்வளவு அச்சமூட்டும் என்பதற்கு நான் தயாராக இருக்கவில்லை. இன்னொரு நாள் குழந்தையைக் காணவில்லை, வீடே தேடுகிறது, கடைசியில் அது உறைபெட்டிக்குள் ஒடுங்கிக் கிடப்பதைக் கண்டெடுக்கிறார்கள். ஒளிந்துகொண்டதா, இல்லாமல் போக நினைத்ததா என்று படம் விளக்குவதில்லை. விளக்காமல் விட்டதற்கு இயக்குநருக்கு நன்றி.

இத்தகைய படத்துக்கு அமெரிக்கத் தணிக்கை வரிசையில் 'ஆர்' முத்திரை கொடுத்தார்கள்; அதாவது 17 வயதுக்குக் குறைந்தவர்கள் பெற்றோரோ காப்பாளரோ உடன் வந்தால்தான் பார்க்கலாம். படத்தில் குருதி தெறிக்கும் காட்சி இல்லை, படுக்கையறைக் காட்சியும் இல்லை. ஏழு வயதுக் குழந்தையைப் பற்றிய கதையை ஏழு வயதுக் குழந்தை தனியே பார்க்கலாகாது என்று தீர்ப்பளித்தவர்களும் அந்த நாலு பேரில் ஒருவர்தாமோ என்று எனக்கு ஓர் ஐயம்.

இருபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, 2020இல், அதே பிரான்ஸிலிருந்து செபாஸ்டியன் லிஃப்ஷிட்ஸ் ஓர் ஆவணப்படம் எடுத்தார். ஆணாகப் பிறந்ததாகப் பதிவான ஒரு சிறுமியின் வாழ்க்கை அது. இங்கே கற்பனைப் பொம்மைகளோ பறக்கும் தேவதைகளோ இல்லை. பெற்றோர் இருவரும் உறுதியாகக் குழந்தையின் பக்கம் நிற்கிறார்கள், மறுப்பது பள்ளி. தான் பெண்பிள்ளை வேண்டும் என்று ஆசைப்பட்டதால்தான் இப்படி ஆயிற்றோ என்று தாய் கேட்க, அது காரணமல்ல என்று மருத்துவர் தெளிவாகச் சொல்கிறார். எத்தனை தாய்மார் அந்த ஒரு வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறார்களோ! இடைப்பட்ட காலத்தில் சட்டங்களும் நகர்ந்திருக்கின்றன. 2010இல் பிரான்ஸ் பால்மாற்ற உணர்வை மனநோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார அமைப்பின் புதிய நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது அங்கேயும் அது மனநோய் என்ற தலைப்பின் கீழ் இல்லை. ஆனாலும் அந்த ஆவணப்படத்துப் பள்ளி வாசலைப் பார்க்கும்போது, பெர்லினரின் புல்வெளித் தெரு வெகுதொலைவில் இல்லை என்றே தோன்றுகிறது.

இனி, கடைசிப் பகுதி. குடும்பம் வீட்டை விட்டுவிட்டு, தகப்பனுக்கு வேலை கிடைத்த கிளெர்மோன்-ஃபெரானுக்குப் போகிறது. தொடக்கத்தில் மிட்டாய்க்கடைபோல மின்னிய நிறங்கள் இங்கே வெளிறி, நீலமும் சாம்பலுமாகிவிடுகின்றன. அங்கே கிறிஸ்டீன் என்ற சிறுமி; ஆண்பிள்ளைபோல உடுத்தித் திரிகிறவள். அவளுடைய பிறந்தநாள் மாறுவேட விருந்தில் அவளுக்கு இளவரசி உடை, நம் குழந்தைக்கு வாள்வீரன் உடை. அவள் வலுக்கட்டாயமாக உடையை மாற்றிக்கொள்கிறாள். இளவரசி உடையில் குழந்தையைக் கண்ட அன்னா, தன்னை மறந்து அடிக்கிறாள். மற்றவர்கள் பிடித்து இழுக்கவேண்டியிருக்கிறது.

என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அந்த விருந்தில் குழந்தையின் உடையைக் கண்டு யாரும் முகம் சுளிக்கவில்லை. மேலாளர் இல்லை, மனு இல்லை, சுவரெழுத்து இல்லை. பழைய தெருவை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பின்னால் விட்டுவிட்டு வந்தாயிற்று. அந்த நாலு பேரையும் அன்னாதான் தனக்குள்ளே சுமந்துகொண்டு வந்திருக்கிறாள். அவர்கள் சார்பில் கையை ஓங்கியவளும் அவள்தான்.

குழந்தை ஓடிப்போய், தான் நேசிக்கும் தொலைக்காட்சித் தேவதை பாமின் விளம்பரப் பலகைக்குள் புகுந்துவிடுகிறது. பின்தொடர்ந்து ஏறும் தாய், அந்த வண்ண உலகத்தில் குழந்தை தன்னை விட்டு விலகிப் போவதைப் பார்க்கிறாள், கூப்பிடுகிறாள், தரை விலகி விழுகிறாள். அதன்பின் சமாதானம் சற்று விரைவாகவே வந்துவிடுகிறது. அதிலும் தகப்பனுடைய மனமாற்றத்துக்கு இன்னும் சில நிமிடங்கள் கொடுத்திருக்கலாம் என்பது என் குறை. ஆயினும், விழித்தெழுந்த அன்னா குழந்தையிடம் சொல்லும் வாக்கியத்தில் அவள் மகன் என்ற சொல்லையும் பயன்படுத்துவதில்லை, மகள் என்ற சொல்லையும் பயன்படுத்துவதில்லை. பிரெஞ்சில் இரு பாலுக்கும் பொதுவாக நிற்கும் 'ஆன்ஃபான்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுக்கிறாள். படம் முழுவதும் ஒவ்வொரு வரியிலும் தயங்கித் தயங்கி எழுதி அடித்துத் திருத்திய நான், அந்த ஒரு வரிக்கு மட்டும் பேனாவை எடுக்காமல் எழுதினேன்: 'என்ன ஆனாலும் நீ எப்போதும் என் குழந்தைதான்.'