நவம்பர் 12: திமிங்கலத்துக்கு வெடி வைத்த நாள்

[காட்சி: சாம்பல் நிறக் கடல், அகன்ற மணற்பரப்பு, தூரத்தில் கருப்பாக ஏதோ கிடக்கிறது]

வணக்கம். எல்லா நாட்டு நாள்காட்டியிலும் சுதந்திர நாள் இருக்கும், போரில் வென்ற நாள் இருக்கும், தலைவர்கள் பிறந்த நாள் இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த நாள் இந்த வரிசையில் வராது. 1970 நவம்பர் 12 அன்று, அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஃப்ளாரன்ஸ் என்ற சிறிய ஊருக்கு அருகே, நெடுஞ்சாலைத் துறை ஒரு செத்த திமிங்கலத்துக்கு அரை டன் டைனமைட் வைத்தது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்குச் சலிப்பதில்லை.

முதலில் ஒரு கேள்வி வரும். திமிங்கலத்துக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் என்ன சம்பந்தம்? இதற்கு 1913க்குப் போக வேண்டும். ஆஸ்வால்ட் வெஸ்ட் ஆளுநராக இருந்தபோது, அலை ஏறி இறங்கும் கரைப்பகுதியைப் பொது நெடுஞ்சாலை என்று சட்டம் போட்டு அறிவித்தார்கள். தனியார் யாரும் கரையை வளைத்துப் போடாமல் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. மிக நல்ல சட்டம். ஆரிகன் கடற்கரை இன்றும் மக்கள் கையில் இருப்பதற்கு அதுதான் முதல் படி. ஆனால் சாலை என்று சொல்லிவிட்டால், அதில் குறுக்கே கிடப்பதை அகற்றும் வேலையும் சாலைக்காரர்களுடையதுதானே? 45 அடி நீள எண்ணெய்த் திமிங்கலம் ஒன்று கரை ஒதுங்கியபோது, அது நேராக அவர்கள் தலையில் வந்து விழுந்தது.

[காட்சி: திமிங்கலத்தின் பக்கத்தில் மூக்கைப் பொத்தியபடி நிற்கும் மனிதர்கள்]

எடை சுமார் 8 டன் என்று கணக்கிட்டார்கள். நாற்றம் தாங்க முடியவில்லை. புதைக்கலாம் என்றால், அலை மணலை அரித்து மறுபடி வெளியே கொண்டு வந்துவிடும் என்ற பயம். வெட்டிப் புதைக்கலாம் என்றால், வெட்ட யாரும் முன்வரவில்லை. எரிப்பதும் நடக்காது என்று விட்டுவிட்டார்கள். மிச்சம் இருந்தது வெடி. திட்டம் என்னவென்றால், உடலைச் சின்னச் சின்னத் துண்டாகச் சிதறடித்துக் கடல் பக்கம் தள்ளிவிட வேண்டும். மிச்சத்தைக் கடற்பறவைகளும் நண்டுகளும் தின்றுவிடும். அதற்காகக் கரை பக்கமாக, உடலுக்கு அடியில் 20 பெட்டி டைனமைட்டை அடுக்கினார்கள்.

கூட்டத்தில் வெடிமருந்துப் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். 20 பெட்டி வேண்டாம், 20 குச்சி போதும் என்று அவர் சொன்னார். யாரும் கேட்கவில்லை. அவரை மறந்துவிடாதீர்கள்.

வேடிக்கை பார்க்க வந்தவர்களைக் கால் மைல் தூரம் பின்னால் அனுப்பினார்கள். பிற்பகலில் வெடித்தது. மணலும் சதையும் ஒன்றாக வானத்துக்கு எழும்பின. பொறுப்பில் இருந்த பொறியாளர் ஜார்ஜ் தார்ன்டன் அன்றே காரணத்தைச் சொல்லிவிட்டார்: வெடி திமிங்கலத்துக்கு அடியில் இருந்த மணலைத் தோண்டிக் குழியாக்கிவிட்டது. பக்கவாட்டில் கடலை நோக்கிப் போக வேண்டிய வேகம் அந்தக் குழி வழியாக மேல்நோக்கித் திரும்பியது. மேலே போனது கீழே வந்துதானே ஆக வேண்டும்? கூட்டத்தின் மேல் கொழுப்பு மழை பெய்தது. யாருக்கும் காயமில்லை என்பதால்தான் இன்று நாம் நிம்மதியாகச் சிரிக்கிறோம்.

[காட்சி: கூரை நசுங்கிய கார்]

பெரிய துண்டு ஒன்று கால் மைல் பறந்து, நிறுத்தி வைத்திருந்த ஒரு புத்தம்புது ஓல்ட்ஸ்மொபீல் காரின் கூரையை அமுக்கித் தட்டையாக்கியது. யாருடைய கார் தெரியுமா? 20 குச்சி போதும் என்று சொன்னவருடையது! அந்தக் காரை அவர் ஒரு தள்ளுபடி விற்பனையில் வாங்கியிருந்தார். அந்த விற்பனையின் விளம்பர வாசகத்திலேயே திமிங்கலம் இருந்தது. ஒரு கதாசிரியர் இப்படி எழுதியிருந்தால் நம்ப மாட்டோம்.

இத்தனைக்கும் பிறகு திமிங்கலத்தின் பெரும்பகுதி இருந்த இடத்திலேயே கிடந்தது. சத்தத்தில் பறவைகள் கிட்டவே வரவில்லை. கடைசியில் துறை ஊழியர்கள் மிச்சத்தைப் புதைத்தார்கள். 1979இல் அதே ஃப்ளாரன்ஸ் பக்கம் 41 எண்ணெய்த் திமிங்கலங்கள் ஒதுங்கி இறந்தபோது, எரித்துப் புதைத்தார்கள். டைனமைட் வரவில்லை.

சரி, ஒரு சின்ன ஊரில் ஒரு பிற்பகலில் நடந்த இந்த விஷயம் உலகத்துக்கு எப்படித் தெரிந்தது? போர்ட்லாண்டின் கேஏடியு தொலைக்காட்சியிலிருந்து பால் லின்மன் என்ற செய்தியாளர் ஒளிப்பதிவாளரோடு வந்திருந்தார். அந்தச் சில நிமிடப் படச்சுருள்தான் எல்லாவற்றுக்கும் ஆதாரம். அது இல்லாவிட்டால் இதை வெறும் ஊர்க்கதை என்று ஒதுக்கியிருப்போம். 1990இல் நகைச்சுவைப் பத்தியாளர் டேவ் பாரி இதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டுரையைச் சிலர் தேதியில்லாமல் கணினி வழியே பரப்ப, படித்தவர்கள் ஏதோ போன வாரம் நடந்ததாக நினைத்துக்கொண்டார்கள். கால் நூற்றாண்டு பழைய திமிங்கலத்தைப் பற்றி விசாரித்து ஆரிகன் நெடுஞ்சாலைத் துறைக்கு அழைப்புகள் வந்தன. யூடியூப் பிறப்பதற்குப் பத்தாண்டு முன்பே நடந்த வைரல் இது.

[காட்சி: ஆற்றங்கரைப் பூங்கா, பெயர்ப்பலகை]

அப்புறம் வந்தது ஐம்பதாவது ஆண்டு, 2020. சயூஸ்லா ஆற்றங்கரையில் அமைத்த புதிய பூங்காவுக்குப் பெயர் வைக்க ஃப்ளாரன்ஸ் மக்களிடமே வாக்கு கேட்டார்கள். வென்ற பெயர் 'வெடித்த திமிங்கல நினைவுப் பூங்கா'. இதற்காகத்தான் அந்த ஊரை எனக்கு இவ்வளவு பிடிக்கிறது. தங்கள் மண்ணில் நடந்த ஒரு சொதப்பலை மறைக்காமல், பலகையில் எழுதி, குழந்தைகள் விளையாடும் இடத்தில் நட்டு வைக்கப் பெரிய மனசு வேண்டும்.

அதே ஆண்டு கேஏடியு மூலப் படச்சுருளைத் தேடி எடுத்து 4கே தரத்தில் வெளியிட்டது. அறுபதாவது ஆண்டு 2030இல் வருகிறது. அதற்குள் அந்தத் தெளிவான பிரதியை ஒரு முறை பார்த்துவிடுங்கள், கட்டாயம் சத்தத்தோடு. வெடித்தவுடன் கூட்டம் ஆரவாரம் செய்கிற இடத்திலிருந்து காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். மணலில் துண்டுகள் தொப் தொப்பென்று விழ ஆரம்பித்ததும் அந்தக் குரல்கள் எப்படி மாறுகின்றன என்று கேளுங்கள்.