வாடை மாதங்களுக்கு இதமான புத்தகங்கள்

பெற்றோர்களே, ஆசிரியர்களே, வாசகர் வட்டத் தோழர்களே, வணக்கம்.

ஐப்பசியில் மழை இறங்கி வாடை திரும்பிவிட்டால், நம் கரைப் பிள்ளைகளுக்கு ஆறு மணிக்கே பொழுது அடைந்துவிடுகிறது. மணலில் விளையாட முடியாது. மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. தை வரைக்கும் இப்படித்தான். வாசிப்பைப் பழக்க இதைவிட நல்ல பருவம் வாய்க்காது. ஆனால் எந்தப் புத்தகத்தைக் கையில் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும்.

குளிர்நாட்டுக் கதைகளில் வெளியே புயல் அடிக்கும். உள்ளே கணப்புக்கு முன்னால் பிள்ளைகள் சுகமாக உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அது இதம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்ததைப் பாட்டி சொல்லக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, அப்பா கடலில் இருக்கும் இரவில், படகு கவிழும் கதை தூக்கத்தைத்தான் கெடுக்கும். கடல் கதையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அதைப் பகலில் வாசியுங்கள், படகு கரையில் நிற்கும் நாளில் வாசியுங்கள். இரவுக்கு அடுப்படி, ஆட்டுக்குட்டி, தாத்தா, ரயில் என்று வரும் கதை போதும். அதில் சின்னதாக ஒரு சிக்கல் வரலாம். அந்த அத்தியாயத்திலேயே அது தீர்ந்துவிட வேண்டும்.

ஐந்து வயதுக்குள் என்றால் அழ. வள்ளியப்பாவின் பாடல்களை மிஞ்ச எதுவும் இல்லை. ஆறு, ஏழு வயதுக்குப் பக்கத்துக்கு இரண்டு மூன்று வரி உள்ள படப் புத்தகம். ஒன்பதுக்கு மேல் அத்தியாயக் கதை. உரக்க வாசிப்பவர் நிமிடத்துக்கு 80 சொல் என்ற நிதானத்தில் போனால், பத்து நிமிடத்தில் 800 சொல் வரும். இரவு வாசிப்புக்கு அதுவே அளவு. அதற்கு மேல் நீண்டால் பிள்ளை காதால் மட்டும்தான் கேட்கும், மனம் போய்விடும்.

இதற்குப் பொருத்தமான ஒரு புத்தகம், ஜப்பானில் 1981இல் வெளிவந்த ‘டோட்டோ-சான்’. நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் வெளியிட்டிருக்கிறது. அத்தியாயங்கள் சிறியவை. பழைய ரயில் பெட்டிகளே வகுப்பறையாக இருக்கும் பள்ளிக்கூடம் அது; பாம்பன் பாலத்தில் ரயில் போவதை வேடிக்கை பார்க்கும் நம் பிள்ளைகள் அதை விடவே மாட்டார்கள். ஒன்று மட்டும்: பிற்பகுதியில் ஒரு சிறுவனின் மரணமும், குண்டுவீச்சில் பள்ளி எரிவதும் வருகின்றன. பெரியவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு, அந்தப் பகுதிகளைப் பகலுக்கு ஒதுக்குங்கள்.

இனி, வாங்கிய புத்தகம் நம் காற்றில் பிழைக்கும் வழி. உப்பு ஈரத்தை இழுக்கும். சென்டர் பின் அடித்த புத்தகத்தில் பின் துருப்பிடித்து, நடுத்தாளில் பழுப்புக் கறை இறங்கும்; பிறகு அந்த இடத்திலேயே தாள் கிழியும். முடிந்தால் நூல் தையல் போட்டதை வாங்குங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் நாலு விரற்கடை தள்ளி வையுங்கள். சுவரின் ஓதம்தான் பூஞ்சணத்துக்கு முதல் காரணம். உலர்ந்த வேப்பிலையோ வசம்போ இடையில் போடலாம். பச்சை இலை வேண்டாம், அதுவே ஈரம் விடும். வாரம் ஒரு முறை எடுத்து விசிறிப் புரட்டினால் தாளை அரிக்கும் இராமபாணப் பூச்சி தங்காது.

ஒழுகி நனைந்துவிட்டால் தாளைப் பாருங்கள். பளபளப்பில்லாத சாதாரண மேப்லித்தோ தாள் உப்பிப் போகும், ஆனால் ஒட்டாது. விசிறிக் காற்றில் நிறுத்தி வைத்தால் போதும். பளபளக்கும் ஆர்ட் தாள் அப்படியல்ல. அதன் மேல்பூச்சு நீரில் இளகி, காயும்போது பக்கங்களைப் பசை போல ஒட்டிவிடும். பிறகு பிரித்தால் படம் உரிந்து வரும். ஆகவே ஈரமாக இருக்கும்போதே ஒவ்வொரு தாளாக மெதுவாகப் பிரித்து, இடையில் அச்சில்லாத வெள்ளைத் தாளை வையுங்கள். செய்தித்தாளின் மை படத்தில் ஏறும். இடைத்தாள் நனைந்ததும் மாற்றுங்கள். வெயிலில் போடாதீர்கள், அட்டை வளைந்துவிடும். முக்கால்வாசி காய்ந்த பிறகு மேலே ஒரு பலகையும் இரண்டு செங்கல்லும் வைத்து, இரண்டு நாள் அப்படியே விடுங்கள்.