பங்குனி ஆமைகளும் சென்னை மாணவர்களும்

நேயர்களுக்கு வணக்கம்.

ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை சென்னைக் கடற்கரைக்கு முட்டையிட வரும் கடலாமையை மீனவர்கள் பங்குனி ஆமை என்பார்கள். ஆலிவ் ரிட்லி என்று நாளேடுகளில் நாம் படிப்பதும் இதைத்தான். இந்த ஆமைகளுக்காக 1988ஆம் ஆண்டு சென்னை மாணவர்கள் சிலர் கூடித் தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, பெரிய அலுவலகமோ பெரும் நிதியோ இல்லாமல், தன்னார்வலர்கள் நடக்கும் நடையை நம்பியே இன்றுவரை இயங்கி வருகிறது.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. 1970களின் தொடக்கத்தில், கிண்டி பாம்புப் பண்ணையை நிறுவிய ரோமுலஸ் விட்டேகரும் அவருடைய நண்பர்களும் இரவுகளில் சென்னைக் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடினார்கள். ஆமை முட்டை சந்தையில் விற்கப்பட்ட காலம் அது. அந்தக் குழுவில் இருந்த சதீஷ் பாஸ்கர், பின்னாளில் இந்தியக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 கிலோமீட்டரைக் காலால் நடந்தே அளந்து, எந்தக் கரையில் எந்த ஆமை முட்டையிடுகிறது என்று பதிவு செய்தார். நம் நாட்டுக் கடலாமை ஆய்வு அவருடைய கால்களுக்குக் கடன்பட்டது என்று சொன்னால் மிகையில்லை. பின்னர் அரசுத் துறைகள் சில ஆண்டுகள் முட்டைகளைச் சேகரித்துக் குஞ்சு பொரிப்பகங்களை நடத்தின. 1980களின் இறுதியில் அந்தப் பணி நின்றுபோனபோதுதான் மாணவர்கள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் கடலாமை ஆய்வாளராகப் பெயர் பெற்ற கார்த்திக் சங்கர் அவர்களில் ஒருவர்.

அவர்கள் செய்யும் வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நள்ளிரவை ஒட்டி நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை, ஏறத்தாழ 7 கிலோமீட்டர், ஈர மணலை ஒட்டியே நடக்கிறார்கள். ஆமை ஏறி இறங்கிய தடம் டிராக்டர் சக்கரம் உருண்டதுபோல் மணலில் பதிந்திருக்கும். தடம் முடியும் இடத்தில் ஒரு குச்சியை மெல்ல ஊன்றிப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் தடைபடும் குச்சி, முட்டைக் குழிக்கு மேலே மட்டும் தளர்ந்து உள்ளே இறங்கும். பிறகு கையாலேயே தோண்டி, நூறுக்கு மேற்பட்ட முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணித் துணிப்பையில் வைத்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில், அதே குடுவை வடிவில் குழி எடுத்துப் புதைப்பார்கள். இதைச் சில மணி நேரத்துக்குள் செய்தாக வேண்டும்; பிந்தினால் உள்ளிருக்கும் கரு ஓட்டின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், அதன்பின் முட்டை புரண்டால் கரு அழியும்.

சுமார் 45 நாள் கழிந்ததும் குஞ்சுகள் மணலுக்கு மேல் வரத் தொடங்கும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது மணலின் வெப்பம்: சூடு கூடினால் பெண் குஞ்சுகள் மிகும். வெளியே வந்த குஞ்சு, வெளிச்சம் மிகுந்த திசையே கடல் என்று நம்பி ஊரும். அலைமேல் படும் விண்ணொளியைத் தேடும் அந்த இயல்பு, தெருவிளக்குகள் எரியும் நகரத்தில் அதைச் சாலைக்கு இழுத்துச் சென்றுவிடுகிறது. முட்டையைக் கூட்டிலேயே விடாமல் பொரிப்பகத்துக்குக் கொண்டு செல்வதற்கு நாய்களும் மனிதர்களும் போலவே இந்த விளக்குகளும் காரணம். பொரிப்பகம் ஒரு தற்காலிக ஏற்பாடுதான். கரை இருண்டும் அமைதியாகவும் இருந்தால் அதற்குத் தேவையே இராது.

இங்கே விடப்படும் ஒரு பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடும் பருவத்தை எட்டப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். அதற்குள் அதைக் கடலில் விட்ட மாணவர் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், பெரும்பாலும் ஊரைவிட்டே சென்றிருப்பார். தம் உழைப்பின் பலனை நேரில் காண முடியாத ஒரு பணியை, ஒவ்வோர் அணியும் அடுத்த அணிக்கு மணலில் வைத்தே கற்றுக்கொடுத்து, முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைமாற்றி வந்திருக்கிறது. இந்த அமைப்பின் வரலாற்றில் என்னை மிகவும் ஈர்ப்பது இதுதான்.

ஆனால் கரையில் காட்டும் கவனம் கடலுக்குள் எட்டுவதில்லை. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தாமாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. ஆமைக்கும் நம்மைப் போல் நுரையீரல்தான். மூச்சு விட மேலே வந்தாக வேண்டும். கரைக்கு அருகே விசைப்படகின் இழுவை வலையில் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சடைத்துச் சாகிறது. வலைக்குள் ஆமை தப்பிக்க வழிவிடும் கருவி உண்டு. ஆனால் அதோடு கொஞ்சம் மீனும் போய்விடுகிறது என்பது படகுக்காரர்களின் வருத்தம். அந்த இழப்பை அவர்கள் தலையில் மட்டும் சுமத்தாமல் அரசு பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது என் கருத்து.

முட்டையிடும் பருவத்தில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் மாணவர்களோடு நடக்கலாம். செல்கிறவர்கள் கைவிளக்கை அணைத்து வைக்க வேண்டும். கரையேறும் ஆமைக்கு எதிரே போய் நிற்கக் கூடாது. முட்டையிட்டு முடிக்கும்வரை பின்னால் விலகியே இருக்க வேண்டும்.

நன்றி, வணக்கம்.